கேம்பர் டிரெய்லர் சுவரில் பைபர் ஷீட் ஒட்டும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் வண்டியான பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கி, உளுத்துப்போன சுவர்களைக் கழற்றிவிட்டு, புதிய பிளைவுட் அடித்து அதன்மேல் பைபர் ஷீட் (கண்ணாடியிழையும் ரெசினும் சேர்த்து வார்த்த தகடு) ஒட்ட நினைக்கும் ஒருவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பசை நல்லது என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி தேவையானதே. ஆனால் ஒட்டிய ஷீட் ஒரு வருடத்திற்குள் உப்பிக் கிளம்புவதற்குப் பசையின் தரம் காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலான வண்டிகளில் ஷீட்டின் உட்புறம் சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்திருக்கும், அல்லது பிளைவுட்டின் ஓரம் திறந்தே கிடந்து மழைநீரைக் குடித்திருக்கும். ஆகவே இக்கட்டுரையில் பசையைவிட, பசைக்கு முந்திய வேலைக்கும் பிந்திய வேலைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மதுரையில் இந்த வேலையைச் செய்பவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் கணக்கு வெப்பத்தைப் பற்றியது. சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திவைத்த வண்டியின் ஷீட் எளிதாக 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதே வண்டியைப் பிற்பகலில் இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால், இரவில் அந்த ஷீட் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். பைபர் ஷீட், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 25 மைக்ரோமீட்டர் விரிந்து சுருங்கக்கூடியது. பிளைவுட் அதில் நாலில் ஒரு பங்குதான் அசையும். நான்கு மீட்டர் நீளமுள்ள சுவரில், 45 டிகிரி வேறுபாட்டிற்கு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டும். பட்டறைக் கணக்கில் இது ஒரு நூலுக்கு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சற்று அதிகம். இந்த இழுவை முழுவதையும் நடுவில் இருக்கும் பசைதான் தாங்க வேண்டும். கல்லாக இறுகும் பசையைவிட ரப்பர்போல் சற்று இழுபடும் பசை இங்கே பொருந்துவதற்கும், வண்டிக்குக் கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். வெள்ளை நிற ஷீட் அதே வெயிலில் கணிசமாகக் குறைந்த சூட்டிலேயே நிற்கும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும். இந்தத் தரத்திற்கான சோதனையில் பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு வைத்து, அதன் அடுக்குகள் பிரிகின்றனவா என்று பார்க்கிறார்கள். வீட்டு அலமாரிக்குப் போடும் சாதாரண எம்ஆர் வகைப் பலகை மலிவாகக் கிடைக்கும் என்றாலும், மழையில் நனையும் சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. சுவருக்கு 6 மில்லிமீட்டர், கூரைக்கு 9 மில்லிமீட்டர் போதும். எடையையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்வது நல்லது: 8க்கு 4 அடி அளவுள்ள 6 மில்லிமீட்டர் பலகை ஒன்று ஏறக்குறைய 12 கிலோ, அதே அளவுள்ள 1.5 மில்லிமீட்டர் பைபர் ஷீட் 7 கிலோ, பசை ஒரு கிலோ என்று வைத்தால், ஒரு பலகைப் பரப்பிற்கு 20 கிலோ கூடுகிறது. வண்டியின் அளவும் அமைப்பும் பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவு விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. ஆகவே உயரத்தையோ நீளத்தையோ கூட்டும் எண்ணம் இருந்தால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டே பலகையை அறுக்க வேண்டும்.

பைபர் ஷீட்டை, தொட்டியும் கதவும் வார்க்கும் பைபர் பட்டறைகளில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கங்களில் விசாரித்துப் பார்ப்பது பயன் தரும். புதிதாக வார்த்த ஷீட்டில் கடுமையான ஸ்டைரீன் வாடை அடித்தால் அது இன்னும் முழுமையாக இறுகவில்லை என்று பொருள். அத்தகைய ஷீட்டைச் சில நாள்கள் வெயிலில் விரித்து வைத்து, வாடை அடங்கிய பின்னரே ஒட்ட வேண்டும். சுருளாக வந்த ஷீட்டையும் ஒரு நாள் முழுவதும் சமதளத்தில் விரித்துப் போட்டு, அதன் சுருள்வை எடுத்துவிட வேண்டும்.

பசையைப் பொறுத்தவரை, தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை இங்கே பயன்படாது. அதிலுள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். பைபர் ஷீட் நீரை உறிஞ்சாது என்பதால் நடுப்பகுதி பல நாள்கள் ஈரமாகவே கிடக்கும், பிடிப்பும் இருக்காது. சன்மைக்கா ஒட்டுவதற்கு ஆசாரிகள் பயன்படுத்தும் பெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை உடனே பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் காயும் வெளிச்சுவருக்கு அதைவிட, சூடு தாங்கும் ஹீட்எக்ஸ் வகையே மேல். அரால்டைட் போன்ற எபாக்ஸி மிகவும் வலுவானது, ஆனால் விறைப்பானது. அதை ஓரங்களை அடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பைபர் பட்டறையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினைக் கொண்டே ஷீட்டைப் பிளைவுட்டில் ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இறுகும்போது சுருங்கும் தன்மை உடையது, மரத்தின்மீது அதன் பிடிப்பும் எபாக்ஸி அளவுக்கு நிலைக்காது. ஆகவே அதை நான் ஏற்பதில்லை.

என் தேர்வு, பரப்பி ஒட்டுவதற்கென்றே வரும் பாலியூரிதீன் பசைதான். இது டப்பாவில் ஒரே பாகமாகவும் வரும், கலந்து பயன்படுத்தும் இரண்டு பாகங்களாகவும் வரும். பேருந்துக் கூடு கட்டுவோர் பயன்படுத்தும் சிக்காஃப்ளெக்ஸ் 252 போன்ற கெட்டியான பாலியூரிதீனும் நல்ல பொருள்தான். ஆனால் அதைத் துப்பாக்கியால் கோடுகோடாக இட்டு ஒட்டினால், 1.5 மில்லிமீட்டர் ஷீட்டில் கோடுகளுக்கு நடுவே அலை தெரியும். கனமான ஷீட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாகப் பொருத்துவதற்கு மட்டும் அம்முறையை வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டுவதற்கு முன் ஒரு சிறு சோதனை

வாங்கிய பசையில் முதல் கரண்டியைச் சுவரில் பூசாதீர்கள். ஒரு சாண் அளவுள்ள பிளைவுட் துண்டுகளையும் அதே அளவு ஷீட் துண்டுகளையும் எடுத்து, சுவருக்குச் செய்யப்போகும் அதே முறையில் தேய்த்து, துடைத்து, ஒட்டி, மேலே பாரம் வைத்து, பசை முழுதாக இறுகும்வரை விட்டுவிடுங்கள். பின்பு அவற்றை மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் போட்டு, தினமும் மாலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் முடிந்ததும் உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பிப் பிரித்துப் பாருங்கள்.

பிரிந்த பரப்பைக் கூர்ந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஷீட்டின் பின்புறம் முழுவதும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால், பசை மரத்தைவிட வலுவாகப் பிடித்திருக்கிறது. அதே முறையில் தைரியமாகச் சுவருக்குப் போகலாம். பசை முழுவதும் பலகையிலேயே தங்கி, ஷீட்டின் பக்கம் வழவழவென்று சுத்தமாக வந்தால், ஷீட்டைத் தேய்த்தது போதவில்லை, அல்லது வார்ப்பு மெழுகு (ஷீட் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகு) இன்னும் அதில் இருக்கிறது. பசை நடுவில் பிளந்து இருபுறமும் பிசுபிசுப்பாக இருந்தால் அது இறுகவில்லை. கலவை விகிதத்தையோ காலத்தையோ திருத்த வேண்டும். ஒரு வார காலத் தாமதம் பெரிதாகத் தோன்றலாம். முழுச் சுவரையும் உரித்தெடுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பரப்பைத் தயார் செய்தல்

வண்டிச் சுவரின் சட்டத்தைக் கழற்ற முடியுமானால் கழற்றித் தரையில் படுக்கவைத்தே வேலை செய்ய வேண்டும். நின்ற நிலையில் ஒட்டுவது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். இரும்புச் சட்டத்தின் துருவை நீக்கி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிட்டபின், பிளைவுட்டைத் திருகாணிகளால் பொருத்துங்கள். திருகாணியின் தலை பலகைக்குள் சற்று அமிழ்ந்திருக்க வேண்டும். அந்தக் குழிகளை எபாக்ஸிப் பட்டியால் நிரப்பித் தேய்த்துவிட வேண்டும். இரண்டு பலகைகள் சேரும் இடம் எப்போதும் சட்டத்தின் மேலேயே வரட்டும். அந்த இடத்தில் ஒரு பலகை மற்றதைவிட அரை மில்லிமீட்டர் உயர்ந்து நின்றாலும், ஒட்டி முடித்தபின் சாய்ந்த வெயிலில் அது வெளியே கோடாகத் தெரியும். ஒரு நீண்ட மட்டப்பலகையை வைத்துப் பார்த்துச் சமப்படுத்திவிடுங்கள்.

பலகை உலர்ந்திருப்பது மிக முக்கியம். ஈரமானி கொண்டு அளந்தால் 12 சதவீதத்திற்குக் கீழே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் திறந்த கொட்டகையில் வைத்திருந்த பலகையை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆசாரிகள் நல்ல எண்ணத்துடனே பலகையின் இருபுறமும் கரையான் எண்ணெய் அடித்துவிடுவது உண்டு. எண்ணெய் ஊறிய முகத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஆகவே மருந்து அடிப்பதானால் வண்டியின் உட்புற முகத்திற்கு மட்டும் அடிக்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டும் முகத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து, தூசியை வேக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

பைபர் ஷீட்டின் உட்புறத்தையும் அவ்வாறே தேய்க்க வேண்டும், ஆனால் ஒரு வரிசை உண்டு. முதலில் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து மெழுகை அகற்றி, அதன் பின்னரே தேய்க்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் அழுந்திவிடும். பளபளப்பு எங்கும் எஞ்சாமல், பரப்பு முழுவதும் மங்கலாகத் தெரியும்வரை தேய்த்து, மறுபடியும் புதிய துணியால் அசிட்டோன் துடைப்பு ஒன்று கொடுங்கள். அதன்பின் அந்தப் பரப்பைக் கையால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப்பசையே போதும் கெடுப்பதற்கு. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் அவற்றால் துடைக்கவே கூடாது.

பைபர் தூசி தோலில் பட்டால் அரிக்கும், நுரையீரலுக்குள் போகக் கூடாது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்95 முகக்கவசம், கையுறை ஆகியவை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். உடம்பில் பட்டுவிட்டால் சொறியாமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். பாலியூரிதீன் பசையில் உள்ள ஐசோசயனேட் மூச்சு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பசையின் அருகில் வரவே வேண்டாம். அசிட்டோனும் ரப்பர் பசையும் எளிதில் தீப்பற்றும். பக்கத்து மேடையில் வெல்டிங் நடக்கும்போது இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

ஒட்டும் நாள்

தை முதல் மாசி வரையிலான காலம் மதுரையில் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. கோடையில்தான் செய்ய முடியும் என்றால் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் ஒட்டி முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பின் பசை, பரப்பி முடிப்பதற்குள்ளேயே தோல் கட்டிவிடும். அக்னி நட்சத்திர நாள்களில் கூரையுள்ள இடத்தில்கூட நண்பகலில் ஒட்டாதீர்கள்.

ஷீட்டைச் சுவரைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல், கதவுத் துளைகளை இப்போது வெட்ட வேண்டாம். முழுச் சுவரையும் மூடி ஒட்டிவிட்டு, பசை இறுகியபின் வெட்டுவதே முறை. பசையில்லாமல் ஒருமுறை ஷீட்டை வைத்துப் பார்த்து, கீழ் ஓரத்தில் இரண்டு நிறுத்தக் கட்டைகளை அடித்துக்கொண்டால், பசை பூசியபின் தடுமாற்றம் இருக்காது. இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், மூன்று பேர் இருந்தால் நிம்மதி.

பாலியூரிதீன் பசையை மூன்று மில்லிமீட்டர் பல் உள்ள தகட்டால் பிளைவுட்டில் பரப்புங்கள். சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை தேவைப்படும். எனவே 8க்கு 4 பலகை ஒன்றிற்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பல்லால் விழும் கோடுகள் எல்லாம் சுவரின் குறுக்கு அகலத்தை நோக்கி ஒரே திசையில் போகட்டும். அப்படி இருந்தால்தான் சிக்கிய காற்று அந்தப் பள்ளங்களின் வழியாக ஓரத்திற்கு ஓடி வெளியேறும். வட்டவட்டமாகப் பரப்பினால் காற்று உள்ளேயே அடைபடும். ஒரே பாகமாக வரும் பசை ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், நடுப்பகுதிக்குக் காற்றின் ஈரம் எட்டாது. ஆகவே ஷீட்டின் உட்புறத்தில் கைத்தெளிப்பானால் மிக மெல்லிதாக நீர் தூவ வேண்டும். பார்வைக்கு ஈரம் தெரியலாம், துளி ஓடக் கூடாது. இரண்டு பாகம் கலக்கும் பசைக்கு நீர் தூவவே கூடாது, அது நுரைத்துவிடும்.

ஷீட்டின் ஒரு முனையை நிறுத்தக் கட்டையில் சேர்த்து, மறுமுனையை உயர்த்திப் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். பின்னர் கனமான ரோலரால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருட்டுங்கள். ஓரம் முழுவதும் பசை சற்றே பிதுங்கி வந்தால் அளவு சரியாக இருக்கிறது.

ரப்பர் பசையைத் தேர்ந்தவர்கள் இருபுறமும் பூச வேண்டும். பிளைவுட் உறிஞ்சிவிடும் என்பதால் அதற்கு இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின், பலகையின்மேல் பிவிசி குழாய்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் ஷீட்டை வைத்து நேர்பார்த்து, நடுக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். தொட்ட இடத்தை மறுபடி எடுக்க முடியாது. மழை மூடிய நாளில் இந்தப் பசையின்மேல் ஈரம் படிந்து வெண்மையாகத் தெரிந்தால், அன்று வேலையை நிறுத்திவிட வேண்டும்.

அழுத்தம்

பாலியூரிதீன் இறுகும்போது சிறிது நுரைத்து ஷீட்டைத் தள்ளும் என்பதால் சீரான பாரம் தேவை. ஷீட்டின்மேல் பாலித்தீன் விரித்து, அதன்மேல் 12 மில்லிமீட்டர் பலகை போட்டு, மணல் மூட்டைகளை அடுக்குங்கள். 8க்கு 4 பலகை ஒன்றின் பரப்பில் 50 கிலோ மூட்டை இருபது வைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 34 கிராம்தான் அழுத்தம் விழுகிறது. ஆகவே மூட்டையில் கஞ்சத்தனம் கூடாது. இதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்குவம் பம்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சுவர் முழுவதையும் கனமான பாலித்தீன் உறைக்குள் வைத்து, ஓரங்களைப் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) அடைத்துக் காற்றை உறிஞ்சினால், பாதி வெற்றிடத்திலேயே சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம், எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். ஆனால் சட்டங்களுக்கு இடையே உள்ள காலி இடத்தில் தெர்மகோல் பலகையோ மரத்துண்டுகளோ நிறைத்துத் தாங்கல் கொடுக்காவிட்டால், 6 மில்லிமீட்டர் பிளைவுட் அங்கே உள்வாங்கி அப்படியே இறுகிவிடும். மூட்டை வைக்கும் முறைக்கும் இந்தத் தாங்கல் வேண்டும்.

ஒரு முழு நாள் கழித்துப் பாரத்தை எடுக்கலாம். வண்டியைச் சாலையில் இறக்க ஒரு வாரம் பொறுங்கள்.

வெட்டுதலும் ஓரம் அடைத்தலும்

வைரப் பல் தகடு பொருத்திய நாலங்குல கிரைண்டரால் ஓரங்களைச் சீவிவிட்டு, ஜன்னல் துளைகளை ஜிக்சாவால் வெட்டுங்கள். வெட்டுக்கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பரப்பு சில்லு பெயராது. ஜன்னலின் மூலைகளைக் கூர்மையாக விடாமல், குறைந்தது ஓர் அங்குல ஆரத்தில் வளைத்து வெட்ட வேண்டும். கூர்மூலையில் தொடங்கும் விரிசல், சாலை அதிர்வில் மேல்நோக்கி ஓடிக்கொண்டே போகும்.

இனி வருவதுதான் பலரும் அவசரப்பட்டு விட்டுவிடும் வேலை. வெட்டிய இடமெல்லாம் பிளைவுட்டின் அடுக்குகள் வெளியே தெரியும். அந்த ஓரத்தின் வழியாகத்தான் நீர் உள்ளே ஏறி, பலகையை ஊறவைத்து, ஷீட்டை அப்பளம்போல் உப்பவைக்கிறது. ஆகவே வெளித்தெரியும் ஒவ்வோர் ஓரத்திற்கும் எபாக்ஸியை இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். முதல் பூச்சு ஓரத்தில் உறிஞ்சப்பட்டு, இன்னும் சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும்போதே இரண்டாவதைப் பூச வேண்டும். சக்கரத்தின் சேறு தெறிக்கும் அடி ஓரத்தைக் குனிந்து பார்த்துப் பூசுங்கள், ஏனெனில் அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விளக்கு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்குப் போடும் சிறு துளைகளின் உள்வட்டத்திற்கும் இதே பூச்சு வேண்டும்.

கூரை ஷீட் சுவர் ஷீட்டின்மேல் ஏறி மூடுமாறு அமைத்து, சேரும் மூலையில் பியூட்டைல் டேப் வைத்து, அதன்மேல் அலுமினிய ஓரப்பட்டையைத் திருகாணியால் முடுக்குங்கள். ஜன்னல் சட்டத்தின் பின்னாலும் அதே டேப்தான். வெளியே இடும் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) பாலியூரிதீனாகவோ எம்எஸ் பாலிமராகவோ இருக்கட்டும். சிலிகான் வேண்டாம்: ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தில் பிற்காலத்தில் பெயின்ட்டும் நிற்காது, வேறு சீலன்ட்டும் பிடிக்காது.

எல்லாம் முடிந்தபின் சுவர் முழுவதையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசைக்கு நடுவே எங்காவது பொள்ளலாகக் கேட்டால் அவ்விடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கும் குறைவான பொள்ளல் என்றால், இரண்டு மில்லிமீட்டர் துளைகள் இரண்டு போட்டு, ஒன்றின் வழியாக ஊசிக்குழலால் எபாக்ஸியை மற்றொன்றில் எட்டிப் பார்க்கும்வரை செலுத்தி, பாலித்தீனும் பலகைத் துண்டும் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டால் போதும். அதைவிடப் பெரியதாக இருந்து ஓரம்வரை ஓடினால், அந்த ஓரத்தைத் திறந்து உலர்த்தி மறுபடி ஒட்டுவதே நேர்மையான வேலை. முதல் பெருமழைக்குப் பிறகும், அதன்பின் ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் மழை தொடங்கும் முன்னரும், இதே தட்டிப்பார்த்தலையும் ஓரப்பட்டைகளின் சீலன்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.